நாத்தியும் அண்ணியும்

"என் மூஞ்சியப் பார்த்து என் கையில இருக்கிற சீட்டைச் சொல்ல இன்னும் ஒருத்தன் பொறக்கல" என்பது லிஃப்ட் மெக்கானிக்கின் பிரகடனம்.

போக்கரில் முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டுகளுக்குப் பெயர் சூட்டுவதுதான் அவருடைய உண்மையான தொழில். லிஃப்ட் பழுதுபார்ப்பதெல்லாம் வயிற்றுப்பிழைப்பு. ராஜாவும் ஜாக்கியும் சேர்ந்து வந்தால் 'மாமனாரும் மாப்பிள்ளையும்'. ஏழும் இரண்டும் வந்தால் ஒன்றுக்கும் உதவாது என்பதால் 'பாதியில நின்ன லிஃப்ட்'. இரண்டு ராணிகள் வந்தால் 'நாத்தியும் அண்ணியும்'.

இந்தப் புகழ் மச்சினனின் கண்ணை உறுத்தியது. அவருடைய சீட்டைத் தான் ஒரே ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால் பெயர் வைக்கும் உரிமை தனக்கு வந்துவிட வேண்டும் என்று பந்தயம் கட்டினான்.

அன்று சீட்டைப் பார்த்த மெக்கானிக், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார்.

"நாத்தியும் அண்ணியும்தானே மாமா?"

"எப்படிடா கண்டுபிடிச்ச?"

"மூஞ்சி அசையல மாமா. ஆனா சமையலறைப் பக்கம் திரும்பிடுச்சு."

அங்கே அவருடைய தங்கையும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எங்கடா திரும்பினேன்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர், மறுபடியும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, இரண்டு ராணிகளையும் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார்.