ஹாரனுக்கு ஒரு மிட்டாய்

நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அப்பா என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அவர் கொடைக்கானலில் சுற்றுலா ஜீப் ஓட்டினார், ஜீப் முதலாளியுடையது. காலையில் எங்கள் ஊர் பேத்துப்பாறையிலிருந்து அவரோடு பஸ்ஸில் போய் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். பின்னால் வருகிற வண்டி ஹாரன் அடித்தால் அவர் தோளைத் தட்டிச் சொல்ல வேண்டும். ஒரு ஹாரனுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். மன்னவனூர் போய்த் திரும்புவதற்குள் என் கவுன் பை நிறைந்துவிடும். இவ்வளவு சுகமான உத்தியோகம் உலகத்தில் யாருக்கும் வாய்த்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "புள்ளைய வச்சு எத்தன நாளைக்கு ஓட்டுவீங்க?" என்று ஒருநாள் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள். மிட்டாய் தின்றால் என் பல் சொத்தையாகும் என்று கவலைப்படுகிறாள் போல என்று விட்டுவிட்டேன்.

அந்த லீவில்தான் ஜீப்பில் ஒரு சத்தம் கிளம்பியது. மேடுபள்ளமான பாதையில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொப்' என்று தெறிக்கும். எனக்கு அது என் காலடியில், இடது சக்கரத்தில் கேட்டது. "சத்தம்ப்பா" என்று தோளைத் தட்டினால், "ஆமாமா, கேக்குது கேக்குது" என்று தலையாட்டுவார். ஆட்டிவிட்டு அதே வேகத்தில் போவார். அப்பாவுக்குப் பயமே கிடையாது என்று எனக்குப் பெருமை.

ஏறியவர்களுக்கு அந்தப் பெருமை இல்லை. மதுரைக் குடும்பம் ஒன்று பாதி வழியில் இறங்கிக்கொண்டு முதலாளிக்குப் போன் போட்டுவிட்டது. ஜீப் ஷெட்டுக்குப் போனது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார், காதைச் சாய்த்துக் கேட்டார், இடது பக்கம்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இடது ஸ்பிரிங் பட்டையின் புஷ்ஷை மாற்றினார். சத்தம் போகவில்லை. ஷாக் அப்சார்பரை மாற்றினார். அப்போதும் போகவில்லை. சீசன் நேரத்தில் வண்டி இப்படிப் படுத்துக்கிடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? "நாளைக்குள்ள சரியாகலேன்னா வித்துருவேன்" என்றார் முதலாளி. அந்த ஜீப் போனால் அப்பாவுக்கு ஓட்ட வேறு வண்டி இல்லை.

மறுநாள் வெள்ளனே அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தார். என்னை டிரைவர் சீட்டில் ஏற்றி, "ஸ்டீயரிங்க இங்கிட்டும் அங்கிட்டும் லேசா ஆட்டிக்கிட்டே இரு, நிப்பாட்டாத" என்றார்.

மெக்கானிக் சிரித்தார். "எந்திரிங்கண்ணே. நான் கேட்டுச் சொல்றேன்." அப்பா இன்னும் உள்ளே தள்ளிப் படுத்தார்.

தம் பிடித்து ஆட்டினேன். எட்டிப் பார்த்தபோது, அப்பா ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார். இடது சக்கரத்தில் ஆரம்பித்தவர், குறுக்குக் கம்பியைத் தடவிக்கொண்டே வலது பக்கம் வந்து சேர்ந்தார். எனக்கு நேர் கீழே கை நின்றது.

ஸ்டீயரிங் பெட்டியை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகள் தளர்ந்து, பெட்டியே அசைந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு இரும்போடு ஓடிப்போய் இடது பக்கம் வெடித்திருக்கிறது. காது உள்ளவர்கள் அத்தனை பேரும் ஏமாந்திருந்தோம். மெக்கானிக்கும் கையை வைத்துப் பார்த்து, "அட ஆமாண்ணே" என்றார். புதுப் போல்ட் போட்டு முடுக்கி ஓட்டினார்கள். 'டொப்' போயே போய்விட்டது.

ஷெட்டுக்கு வந்து பார்த்த முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "எப்பிடிப்பா கண்டுபிடிச்ச?" என்றார். அப்பா குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. இப்போது நினைத்தாலும் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"எங்கப்பாவுக்குக் காதே வேணாம் சார், கையே போதும். ரோட்டுல ஹாரன் அடிச்சாக்கூட நான்தான் சொல்லுவேன்."

முதலாளியின் சிரிப்பு நின்றது. அப்பாவின் பின்னால் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். பிறகு பலமாகக் கைதட்டினார். அப்பா நிதானமாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுகிறார் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

முதலாளி சத்தம் போடவில்லை. முன்னால் வந்து நின்று, "இம்புட்டு நாளா ஏம்ப்பா சொல்லல? ஊருப்பட்ட சனம் ஏறுற வண்டி" என்றார். பிறகு கையை நீட்டினார். அப்பா ஈரக் கையைத் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். "ஷெட்டுல சோலி தாரேன், திங்கக்கெழம வா" என்றார் முதலாளி. அப்பா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பின்னால் ஒரு ஹாரன் கேட்டது. "பஸ்ஸுப்பா!" என்று அவர் கையை இழுத்தேன். அப்பா ஓரம் ஒதுங்கினார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, இருந்த மிட்டாயை எல்லாம் அள்ளி என் கையில் போட்டார். "எல்லாத்தையும் நீயே வச்சுக்கம்மா" என்றார்.

ஒரே ஹாரனுக்கு அத்தனை மிட்டாய். அன்றைக்கு என் வேலையை அவ்வளவு நன்றாகப் பார்த்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில், ஊர் வந்து சேரும்வரை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்தேன்.