மூன்றாம் குளிர் அறையின் கைப்பிடி

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது என் ஓரகத்திக்கு நடந்தது. பேய் பிசாசு என்று நான் வாயெடுத்தாலே கேலி செய்பவள் அவள்.

காய்கறி, மருந்து எல்லாம் கெடாமல் வைத்துக் கொடுக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் வேலை. கம்ப்யூட்டரில் வருடக்கணக்காகக் குவிந்து கிடந்த ஆவணங்களை அவள் வகை பிரிக்க வேண்டும். வாடிக்கையாளர், ஊழியர், பழுது எனத் தலைப்புகள். பழுதுக்குள் 'அவசரம்', 'சாதாரணம்' என இரண்டு கிளைகள். அவசரத்தில் போட்டால் மெக்கானிக் உடனே பார்ப்பார். சாதாரணத்தில் போட்டால், கிடக்கும்.

பழைய புகார் ஒன்று வந்தது. மூன்றாம் குளிர் அறையில் உள்பக்கக் கைப்பிடி வேலை செய்யவில்லை. அந்த அறை பூட்டியே கிடக்கிறது. யோசிக்காமல் 'சாதாரணம்' என்று போட்டாள்.

மறுநாள் அது அங்கே இல்லை. 'உயிர்' என்று புதிதாக ஒரு தலைப்பு முளைத்திருந்தது. அதற்குள் அந்த ஒரே ஒரு புகார்.

அந்தத் தலைப்பை அழித்தாள். புகாரைப் பழைய இடத்தில் வைத்தாள். அடுத்த நாள்... மறுபடியும் 'உயிர்'.

அவளுக்குச் சந்தேகம் கம்ப்யூட்டர் பார்ப்பவன்மேல். 'வயர்' என்பது ஆபீஸ் வைத்த பெயர். எதற்கெடுத்தாலும் விளையாட்டு.

"வயரு, இது உன் வேலைதானே?"

"எனக்கெதுக்குக்கா? பதிவுல பாருங்க, மாத்தினது நீங்கன்னு இருக்கு."

பார்த்தாள். அவள் பெயர்தான்.

'என் பாஸ்வேர்டைத் திருடிவிட்டான்' என்று பொருமினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடக் கிளம்பியதும் ஆபீஸ் அறைக் கதவைத் தாழிட்டாள். கம்ப்யூட்டரின் நெட் கேபிளையும் பிடுங்கினாள். இனி எவன் கை வைக்கிறான், பார்க்கிறேன்...

ஜன்னலில் சுள்ளென்று வெயில். கீபோர்டு அவள் மடியில்.

டக்.

விசை எதுவும் அமுங்கவில்லை.

டக்... டக்...

திரையில் ஓர் எழுத்து. உ.

பிறகு யி.

அவள் கத்த நினைத்தாள். கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

ர்.

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"மூணாம் ரூம் கைப்பிடியை மாத்துங்க சார்."

"பூட்டிக் கிடக்கற ரூமுக்கு என்னம்மா அவசரம்?"

"மாத்தலன்னா நாளையிலேர்ந்து நான் வரல."

தலையில் அடித்துக்கொண்டு மாற்றினார்கள். அதன்பின் 'உயிர்' வரவில்லை. அந்த அறையில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று விசாரித்தாள். ஒருவரும் இல்லையாம். கட்டியதிலிருந்தே இல்லையாம்.

சில வாரம் கழித்துச் சரக்கு அதிகமாகி அந்த அறையைத் திறந்தார்கள். குளிர் அளக்கும் கருவியைப் பொருத்த வயர் தனியாக உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது. விளக்கும் போனது. வெளியே இருந்த யாருக்கும் தெரியாது.

எப்படியோ வந்துவிட்டான். முகம் வெளுத்து அவள் மேஜைக்கு வந்து, உள்ளே மாட்டிக்கொண்டதைச் சொன்னான். விளையாட்டெல்லாம் போயிருந்தது.

"நல்லவேளை, கைப்பிடி கிடைச்சுதே..." என்றாள் அவள்.

"நான் தேடிக் கண்டுபிடிக்கலக்கா. இருட்டுல யாரோ என் கையைப் பிடிச்சு அதுமேல வெச்சாங்க."

அவள் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

"உள்ளே ஐஸ் மாதிரி குளிருச்சுக்கா. ஆனா அந்தக் கை... வெதுவெதுன்னு இருந்துச்சு."