உள்ள ஆள் கீது

எண்ணூரிலிருந்து பட்டணம் போகும் பஸ் அந்த ஆஸ்பத்திரியின் மதிலை ஒட்டித்தான் திரும்பும். அந்த இடம் வரும்போது சொக்கம்மாள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். பயமா என்று ஒருமுறை உடன் வந்தவள் கேட்டாள்.

"பயம் இன்னாத்துக்கு? அந்த ஜன்னலப் பாத்தா இன்னும் வவுறு எரியுது."

கத்திவாக்கத்தை அடுத்த மீனவர் குப்பத்தில் சொக்கம்மாளின் வாய்க்குத் தனிப் பேர் உண்டு. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்து ஆறு வெளுத்துப்போன வருஷம், பார்வையிட வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவில்லை. சகதி என்றார். அவள் செத்த இறாலைக் கூடையோடு கொண்டுபோய் ஜீப்பின் மூக்கில் கொட்டினாள். "இறங்க வாணாம் சார். ஒக்காந்துகினே பாரு."

புருஷன் குணசேகரன் பேசாதவன். ஆற்றில் வலை கட்டுவான். அவன் பிடிப்பதை இவள் விற்பாள். ஒரே பிள்ளை நிதிஷ்.

அந்த ஆற்றில் வலை கட்டுவதற்கு முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். இறால் வரும் இடம் கொஞ்சம்தான். இன்று உன் வீடு, நாளை அடுத்த வீடு. முறை வருகிற நாளில் ஒருவன் காய்ச்சலில் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரன் போய் அவனுக்காக வலை கட்டுவான். இறால் காய்ச்சல்காரன் வீட்டுக்கே போகும். யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். சொன்னால் சிரிப்பார்கள். சொக்கம்மாள் இப்படிப்பட்ட இடத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒருத்தருக்காகச் செய்கிற காரியம் அவருக்கே எதிராகத் திரும்பும் என்பது அவள் புத்தியில் இல்லாத சங்கதி.

முதல் கொரோனா வருஷம். சின்னப் பிள்ளைகளை இது ஒன்றும் செய்யாது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆறு வயசு நிதிஷுக்கு மூச்சு இழுத்தது. கொரோனா என்று முடிவு வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. தாயும் பிள்ளையும் ஏறியதும் தெரு முனையில் தகரம் அடித்தார்கள். குணசேகரன் தகரத்துக்கு உள்ளே.

"எவ்ளோ நாளா இளைப்பு இருக்கு?" என்று வார்டில் இளம் டாக்டரம்மா கேட்டாள்.

"பொறந்ததுலேந்து."

"ஏம்மா காட்டல?"

"எங்கூர்ல எல்லாப் பசங்களுக்கும் கீது. மணலி கம்பெனிங்க பக்கத்துலேந்து காத்தடிச்சா ஜாஸ்தியா கீது. எத்தினி பேரக் காட்றது?"

டாக்டரம்மா அதை எழுதிக்கொள்ளவில்லை. கொரோனாவை மட்டும் எழுதினாள்.

அது பிள்ளைகள் வார்டு என்று பெயர். கட்டில்கள் பெரியவர்களுடையவை. சாப்பாட்டுப் பொட்டலத்தில் காரச் சாம்பார். பால் வருகிற நேரம் யாருக்கும் தெரியாது. கபசுரக் குடிநீர் மட்டும் நேரம் தவறாமல் வரும், பெரியவர்களுக்கு ஊற்றுகிற அதே அளவு. பிள்ளைகளுக்கு வராது என்று சொல்லிவிட்ட நோய்க்கு வார்டு எதற்கு என்று யாரோ நினைத்து, பிறகு வேறு வழியில்லாமல் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை. நாலு வயசு. பெயர் அம்மு. வியாசர்பாடி. கூட யாருமில்லை.

"இதோட அம்மா எங்க?" என்று சொக்கம்மாள் ஆயாவைக் கேட்டாள்.

"முழுவாம இருக்கறவங்களுக்கு வேற ஆஸ்பத்திரி. அங்க கொண்டும்பூட்டாங்க. அதுக்கும் பாசிட்டிவ்."

"அப்பங்காரன்?"

"வூட்ல அடைச்சு வச்சுக்கிறாங்களாம். டெஸ்ட் முடிவு வரணும்."

நாலு வயசுக் குழந்தையைத் தனியாகக் கட்டிலில் போட்டுவிட்டு எல்லாரும் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். கவச உடை போட்டு வருகிறவர்களைக் கண்டதும் அம்மு கட்டிலுக்கு அடியில் போய்விடும். கண் மட்டும் தெரிகிற வெள்ளை உருவங்கள் அதன் காலைப் பிடித்து இழுத்து ஊசி போட்டன. சொக்கம்மாள் ஒரு தடவை பார்த்தாள். மறுதடவை குனிந்து தானே உள்ளே போய்விட்டாள்.

"வாடி இங்க. அத்தைன்னு கூப்டு. ஊசி போட்டா அந்தக் கைய நாம கடிச்சு வச்சுருவோம்."

அம்மு வெளியே வந்தது. அன்றிலிருந்து சாம்பாரைக் கழுவி இட்லி ஊட்டுவது, மூத்திரத் துணி அலசுவது, ஜுரம் ஏறும்போது நெஞ்சில் சாய்த்துக்கொள்வது எல்லாம் சொக்கம்மாள்தான். இரண்டு கட்டிலையும் இழுத்து ஒன்றாக்கினாள்.

"அவ மூக்கு ஒழுவுதும்மா. என் போர்வைல தொடைக்கிறா" என்றான் நிதிஷ்.

"உனுக்கு மட்டும் இன்னா, பன்னீரா ஒழுவுது?"

அவளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்த ரேகா, அதுதான் அம்முவின் அம்மா, வரமுடியாத இடத்தில் கிடக்கிறாள். ஆற்றுப் பாடு மாதிரி, அவள் பாட்டை இவள் கட்டுகிறாள். அவ்வளவுதான்.

ஜன்னல் வழியாகத்தான் வெளியுலகம். அப்பன்மார் கீழே மதிலோரம் நின்று மேலே பார்த்துக் கத்துவார்கள். தாய்மார் புடவைக் கிழிசலில் பை கட்டி இறக்கி பிஸ்கட்டும் மாத்து உடுப்பும் இழுத்துக்கொள்வார்கள். முடிச்சு அவிழாமல் கட்டுவது சொக்கம்மாள் பொறுப்பு. ஒரு மத்தியானம் அவள் கயிறு இறக்கிக்கொண்டிருந்தபோது கீழே ஒல்லியாக ஒருத்தன், லாரி கிளீனர் காக்கியோடு, "அம்மு, அம்மு" என்று ஜன்னல் ஜன்னலாகக் கூப்பிட்டுக்கொண்டு போனான்.

"யோவ், இங்க பாரு. நீ அம்மு அப்பாவா?"

"ஆமாக்கா. கருணாகரன். எம்பொண்ணு அங்கதான் கீதா?"

"கீது, தூங்குது. முடிவு வந்துச்சா உனுக்கு?"

"நெகட்டிவ்க்கா. வந்து நாலு நாளாச்சு. டெய்லி வந்து நிக்கிறேன். கேட்ல வுட மாட்றானுங்க."

"இன்னாவாம்?"

"ஒரு கொழந்தைக்கு ஒரு ஆள்தானாம். உம்பொண்ணுக்கு உள்ள ஆள் கீதுன்றான் அந்த பக்தவச்சலம், செக்யூரிட்டி. எம்பொண்டாட்டி வேற ஆஸ்பத்திரில கீறாய்யா, யாருய்யா உள்ளன்னா, யாரோ ஒரு லேடி கூடவே கீறாங்க, சமத்தா சாப்புடுதுன்றான். யாருக்கா அது?"

கயிறு கையிலிருந்து நழுவிப் பையோடு கீழே விழுந்தது.

அவள்தான் அந்த ஆள். கட்டிலைப் பார்த்தவர்கள் குழந்தை பக்கத்தில் ஒருத்தி இருப்பதைப் பார்த்தார்கள். இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஊட்டிய ஒவ்வொரு வாய்க்கும் கீழே அவனுக்கு ஒரு கதவு சாத்தியிருக்கிறது.

நேரே போய் சிஸ்டரிடம் சொன்னாள். "அம்மு அப்பா கீழ நிக்கிறாரு. உள்ள வுடுங்க. நான் அவ ஆள் இல்ல."

"நீங்கதான் பாத்துக்கறீங்களே."

"நாளைக்கு எம்பையனுக்கு டிஸ்சார்ஜ்னு நீங்கதான சொன்னீங்க. நான் பூட்டா?"

"நாளைக்குன்னா நாளைக்குப் பாத்துக்கலாம். ஆம்பளைய உள்ள விட்டா அவருக்கும் ஒட்டிக்கும், அதையும் நாங்கதான் பாக்கணும்."

"ஏன், நான் பொம்பளன்னா எனுக்கு ஒட்டாதா?"

அந்த சிஸ்டர் டியூட்டி முடிந்து போனாள். அடுத்து வந்தவளிடம் சொக்கம்மாள் முதலிலிருந்து சொன்னாள். அவள் டாக்டரிடம் சொல்லச் சொன்னாள். டாக்டரம்மா தலையாட்டினாள். "சொல்லிருக்கேன்மா, பாப்பாங்க." யாரிடம் சொன்னாள், யார் பார்ப்பார்கள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. எல்லாரும் ஒரே வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். சொன்னது யாரிடம் என்று விரல் நீட்ட ஒரு முகம்கூடக் கிடையாது.

மறுநாள் காலை, இன்றைக்கே டிஸ்சார்ஜ் என்று உறுதியாகச் சொன்னார்கள். மத்தியானம் வண்டி வரும்.

சொக்கம்மாள் எழுந்து கட்டில்களைப் பிரித்தாள். இரும்புக் கால்கள் தரையில் கீச்சிட்டன. அம்மு முழித்துக்கொண்டு கையை நீட்டியது. அவள் தூக்கவில்லை. நிதிஷைக் கூட்டிக்கொண்டு எதிர்ச் சுவர் ஜன்னலருகே போய் நின்றாள்.

"அவகூட சண்டையாம்மா?"

"ஆமா."

"எதுக்கு?"

அவள் அவன் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

அம்மு முதலில் "அத்தே" என்றது. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. பிறகு கட்டிலை விட்டு இறங்கி ஓடிவந்து புடவையைப் பிடித்தது. சொக்கம்மாள் விரல் விரலாகப் பிரித்து விட்டாள். குழந்தை மூத்திரம் போய்விட்டது. நின்ற இடத்திலேயே, கால் நனைய, கத்த ஆரம்பித்தது. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு சொக்கம்மாள் வெளியே பார்த்தாள். கீழே கருணாகரன் நின்றிருந்தான். மகள் குரல் அவனுக்குக் கேட்டது.

"அக்கா, அம்மு அழுவுதுக்கா. இன்னாக்கா ஆச்சு?"

"நல்லா கேக்குதா? கேட்டுக்கு ஓடு. அந்த பக்தவச்சலத்தக் கூட்டியாந்து இதக் கேக்கச் சொல்லு."

வார்டில் மற்ற தாய்மார்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். "கல் நெஞ்சுக்காரி, அன்னிக்கி கட்டிப்புடிச்சா, இன்னிக்கி இன்னா கேடு?" என்றாள் ஒருத்தி. சிஸ்டர் ஓடிவந்தாள்.

"என்னம்மா, குழந்தை இப்படிக் கத்துது, சும்மா நிக்கிறீங்க. தூக்குங்க."

"நான் இதுக்கு ஆள் இல்ல. இதுக்கு உள்ள ஆள் இல்ல. எழுதிக்கோ."

"மனுஷிதானே நீங்க?"

அந்த வார்த்தையை யார் யாரைப் பார்த்துச் சொன்னது. சொக்கம்மாள் வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் பேசாமல் நின்ற நேரம் அது ஒன்றுதான். திறந்தால் தூக்கிவிடுவாள்.

சிஸ்டர் தூக்கினாள். கவச உடையைக் கண்டு அம்மு இன்னும் வீறிட்டது, இருமியது, வாந்தி எடுத்தது. வார்டுப் பிள்ளைகள் அத்தனையும் சேர்ந்து அழத் தொடங்கின. சொல்லிச் சொல்லிக் கேட்காத இடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. டாக்டரம்மா வந்தாள், யாருக்கோ போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கவுன் கோணலாக மாட்டிக்கொண்டு கருணாகரன் வாசலில் நின்றான்.

அவனையும் வெள்ளைப் பேய் என்று நினைத்து அம்மு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவன் தரையில் படுத்து முகக்கவசத்தைக் கீழே இறக்கினான். சிஸ்டர் அதட்டினாள். அவன் காதில் வாங்கவில்லை. "நைனாடா அம்மு. நைனா வந்துக்கிறேன்." வெகுநேரம் கழித்து ஒரு கை வெளியே வந்து அவன் மீசையைத் தொட்டுப் பார்த்தது.

டாக்டரம்மா சொக்கம்மாளிடம் வந்து நின்றாள். "இதை முதல்லயே சொல்லிருக்கலாமேம்மா. குழந்தைய அழவிட்டு இப்படி..."

சொக்கம்மாள் அவளைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தூங்காத, சின்னப் பெண்ணின் கண்கள். அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடித்தால் வலிக்கப்போவது இந்தப் பெண்ணுக்குத்தான், இதைச் செய்தவர்களுக்கு இல்லை என்றும் தோன்றியது.

"போம்மா. போயி தூங்கு" என்றாள்.

வண்டி வந்தது. போகும்போது ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். அம்மு அப்பன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. திரும்பவே இல்லை.

குப்பத்தில் தகரம் அப்படியே இருந்தது. அதன் அடியில், வெளிப்பக்கம், ஒரு பிளாஸ்டிக் வாளி. இடையில் அவர்கள் முறை வந்திருக்கிறது. அடுத்த தெரு பொன்ராஜ் வலை கட்டி, தகரத்துக்கு உள்ளே வர விடாததால் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். ஐஸ் கரைந்து இறால் மிதந்துகொண்டிருந்தது. சொக்கம்மாள் வாளியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள்.

ரேகாவுக்குப் பையன் பிறந்தான். எல்லாரும் பிழைத்தார்கள். போன வருஷம் கருணாகரன் குடும்பத்தோடு குப்பத்துக்கு வந்தான், பழம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டு. அம்மு வளர்ந்திருந்தாள். எதுவும் ஞாபகமில்லை, வாசலில் நிதிஷோடு போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த அத்தைதாண்டி உன்னப் பாத்துக்கினாங்க ஆஸ்பத்திரில" என்றாள் ரேகா.

"சும்மா இரும்மா, அதெல்லாம் எதுக்கு அதுங்கிட்ட" என்றாள் சொக்கம்மாள்.

அம்மு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். சொக்கம்மாள் எழுந்து இறால் தொக்கு வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். அங்கே நின்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவையைப் பிடித்த அந்தச் சின்ன விரல்களை இந்தக் கைதான் பிரித்தது. பிரிக்க வைத்தவர்களில் ஒருத்தர் பெயரும் அவளுக்குத் தெரியாது.