கொய்யா மரத்துல தொங்கற போன்

சேகர் அண்ணா, உன் பழைய போன் இன்னும் கொய்யா மரத்துலதான் தொங்குது. அம்மாவோட புடவைக் கிழிசல்ல நீ போட்ட முடிச்சு அப்படியே இருக்கு. சார்ஜ் போட போனை மட்டும் உருவிக்கறேன், முடிச்சை அவுக்க மனசு வரல.

படிக்கறவங்களுக்குச் சொல்லணும். நாங்க இருக்கறது புனேல, ஹடப்சரைத் தாண்டி. கொல்லைச் சுவர் முடிஞ்சா கரும்புத் தோட்டம். அங்கேருந்து ஒரு சிறுத்தை எங்க கொல்லைக்கு வந்து போக ஆரம்பிச்சுது, இங்க மராத்தில அதை பிபட்யான்னு சொல்வாங்க. கோழி போச்சு, பக்கத்து வீட்டு நாய் போச்சு. தண்ணி வர்றது விடியறதுக்கு முன்னாடி, கொழா இருக்கறது கொல்லையில. அண்ணாவுக்கு நைட் ஷிப்ட். அம்மா குடத்தோட நிப்பாங்க, நான் பக்கத்துல தொடப்பக்கட்டையோட நிப்பேன். அதை நெனச்சே அண்ணாவுக்குக் கம்பெனில வேலை ஓடாதாம். கூண்டு வைங்கன்னு காட்டிலாகாவுக்குப் போன் பண்ணா, போட்டோ இருக்கான்னு கேட்டாங்க. நாயைப் பாத்துட்டு பிபட்யான்னு கூப்பிடறவங்கதான் ஜாஸ்தியாம்.

அண்ணாவுக்கு ரோஷம் வந்துடுச்சு. ஏதாவது அசைஞ்சா தானா போட்டோ எடுக்கற ஆப்பைப் போட்டு, போனை மரத்துல கட்டிட்டான். தினம் சாயங்காலம் ஷிப்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அது வேலை செய்யுதான்னு பாக்கணும். அதுக்குச் சுவர்லேருந்து கொழா வரைக்கும் யூனிபார்ம் பேண்டோட முட்டி போட்டுத் தவழ்வான். போன் கிளிக்குன்னதும் மேல பாப்பான்.

"பிபட்யா மாதிரி இருக்கேனா பாப்பா?"

"பன்னி மாதிரி இருக்கே, போ."

காலையில வந்து பாத்தா பூனை இருக்கும், கரும்புத் தோகை ஆடினது இருக்கும், என் தொடப்பக்கட்டை இருக்கும். பிபட்யா மட்டும் இருக்காது. கொல்லை மண்ணுல கால் தடம் இருக்கு, போன்ல இல்ல. அண்ணா போனைத் திட்டுவான், மரத்தைத் திட்டுவான், சாயங்காலம் திரும்பவும் தவழ்வான். டெங்கு காய்ச்சல் வந்தப்பவும் தவழ்ந்தான். சும்மா காய்ச்சல்தான்னு சொன்னான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம், அங்கேருந்து அவன் வீட்டுக்கு வரல.

பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு போட்டோ வேணும். கம்பெனி கார்டுல மூஞ்சி அழிஞ்சு போச்சு. போனைத் திறந்தா அண்ணாதான், நெறைய, எல்லாத்துலயும் நாலு கால்ல. ஸ்டூடியோக்காரர் அதுல ஒண்ணை எடுத்து, தலையை மட்டும் வெட்டி, சட்டைக் காலர் வச்சுக் குடுத்தாரு. வந்த அத்தை, "சாமியைப் பாக்கற மாதிரியே இருக்கான்டி"ன்னு அழுதாங்க. எனக்குக் கோவமா வந்துச்சு. அவன் பாத்தது அந்தப் பாழாப்போன போனை. ஆனா அத்தைகிட்ட எப்படிச் சொல்ல?

கூண்டு இன்னும் வரல. தண்ணி இன்னும் இருட்டுலதான் வருது. நேத்து கொழா பக்கம் புதுசா தடம் இருந்துச்சு, போன்ல ரெண்டு பூனை. சாயங்காலம் போனுக்கு சார்ஜ் போட்டு மாட்டினேன். வேலை செய்யுதான்னு பாக்கணுமே. நானே முட்டி போட்டு, சுவர்லேருந்து கொழா வரைக்கும் தவழ்ந்தேன். கிளிக்குன்னுச்சு. மேல பாத்தேன். பன்னி மாதிரி இருக்கேன்னு சொல்ல ஆளில்ல.

நீங்க எந்த சாமியைக் கும்பிட்டாலும் சரி, விளக்கேத்தும்போது எங்க சேகர் அண்ணாவுக்காகவும் ஒரு தடவை வேண்டிக்கோங்க.