புளி போட்டுத் தேய்த்த ட்ரம்பெட்

எனக்குப் பதினைந்து வயதில் அம்மாவின் தோடு போய் ட்ரம்பெட் வந்தது. பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் பாயின் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பழைய ஜப்பான் சாமான். பள்ளிக்கூடத்து ட்ரம்பெட்டில் நடுப் பட்டனை அழுத்தினால் எழும்பாது. அதோடு மாகாணப் போட்டிக்குப் போனால் மானம் போகும் என்றார் பேண்ட் மாஸ்டர். போட்டியில் சான்றிதழ் வாங்கினால் பின்னால் அரசாங்க பேண்டுக்கு மனுப் போடலாம் என்றும் சொன்னார். அம்மாவின் காதில் இது மட்டும்தான் விழுந்தது. அடுத்த வாரம் அந்தக் காதில் ஈர்க்குச்சி இருந்தது.

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தில் ஒருவரையும் நான் ட்ரம்பெட்டைத் தொட விடவில்லை. போட்டிக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. விடிந்து எழுந்து பார்த்தால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கழுவிக் கவிழ்த்த சாமி விளக்குக்குப் பக்கத்தில் ட்ரம்பெட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பித்தளை என்றால் அம்மாவுக்குப் புளியும் அடுப்புச் சாம்பலும்தான். மேற்பூச்சை எண்ணெய்க் கறை என்று நினைத்துப் பாதிக்கு மேல் உரித்துவிட்டிருந்தார். அவ்வளவு பளபளப்பை அந்த ட்ரம்பெட் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஆனால் மூன்று பட்டனும் சாம்பலில் இறுகிப்போய்விட்டன.

“ஒனக்கு என்னா தெரியும்? கொழுந்து கிள்ளத்தான் தெரியும்” என்று கத்தினேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மா கொழுந்துக் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, அன்றைய பேரையும் அதற்கான நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு, என்னைப் பஸ்ஸில் ஏற்றினார்.

மாஸ்டர் பண்டாரவளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார். காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை ஆட்டோ ஓட்டுவார். அவருக்கு ஆட்டோ என்றால் ஆசை என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. பின்சீட்டில் துணி விரித்து, பட்டன்களைப் பக்குவமாகக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டினார். பிறகு ஊதிப் பார்த்தார். சவாரிக்குக் காத்திருந்த மற்ற ஆட்டோக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். என் ட்ரம்பெட்டுக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது.

அம்மா முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: “மாஸ்டர், இந்தப் புள்ளைக்கு இதுல ஒரு வேல கெடச்சிருமுங்களா?”

மாஸ்டர் நடுப் பட்டனை மறுபடியும் கழற்றினார். துடைத்ததையே துடைத்தார். இன்னும் சாம்பல் இருக்கிறதே என்று எனக்கு ஒரே எரிச்சல். பட்டனைத் திரும்பப் பூட்டிவிட்டு, “சாமான் நல்ல சாமான்ங்கம்மா” என்றார்.

அம்மா சிரித்தார்.

மறுநாள் நன்றாகவே வாசித்தேன். சான்றிதழும் கிடைத்தது. அதற்குப் பிறகு போட்ட மனுக்களுக்குக் கணக்கில்லை. வேலை மட்டும் வரவில்லை. இப்போது பகலெல்லாம் துணிக்கடையில் நிற்கிறேன், வாரத்தில் இரண்டு மாலை ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்ட் பழக்குகிறேன். தோடு திரும்பவில்லை. அம்மாவின் காது ஓட்டை தூர்ந்துவிட்டது.

போன வாரம் பெரகல பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா, மகளுக்கு வாங்கிய புது ட்ரம்பெட்டைக் காட்ட வந்தார். ஊதிப் பார்த்தேன். “இதுல ஒரு வேல கெடைக்குமா டீச்சர்?” என்றார்.

நடுப் பட்டனைக் கழற்றினேன். உள்ளே தூசிகூட இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தேன்.