வாசல் வரை வந்த வேன்

"பெண் வீட்டார் வந்தார்கள். வேன் வாசல் வரை வந்தது. சாப்பிட்டுப் போனார்கள்."

தினசரி நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்புறம் அப்பா பென்சிலால் எழுதி வைத்த குறிப்பு இது. முன்புறம் சித்திரை என்பது தெளிவாகத் தெரிகிறது. வருடம் இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது என்பதால் வருடத்தைக் கணக்கிட்டுக்கொள்வதில் எனக்குச் சிரமம் இல்லை. படிப்பவர் கவனிக்க வேண்டியது அதை அல்ல, இரண்டாவது வாக்கியத்தை. ஒரு வீட்டு வாசலுக்கு வேன் வருவதில் எழுதி வைக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் இருந்தது.

எங்கள் வீடு பென்னாகரத்துப் பக்கம், மேட்டூர் அணையின் தண்ணீர் பின்வாங்கி நிற்கும் பரப்புக்குள் ஒரு மேட்டின் மேல் இருந்தது. மொத்தம் மூன்று வீடுகள், மூன்றும் பங்காளிகளுடையவை. அணையில் நீர் ஏறினால் மேட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். பரிசலில்தான் கரைக்குப் போக வேண்டும். கார், லாரி எதுவும் வராது. சைக்கிள் வைத்திருந்தவர்கூட அங்கே யாரும் இல்லை. பங்குனி வாக்கில் நீர் இறங்கி, கிழக்குப் பக்கம் முதலில் காயும். சேறு வெடித்து இறுகி, சித்திரையில் அதன் மேல் வண்டியே ஓட்டலாம். வருடத்தில் சில மாதங்கள் நாங்களும் மற்ற ஊர்க்காரர்களைப் போலத் தரையோடு சேர்ந்திருந்தோம். 'தீவு' என்ற சொல்லைப் பள்ளிப் புத்தகத்தில்தான் முதலில் படித்தேன். படத்தில் தென்னை மரங்கள் இருந்ததால் அது வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்குப் பெண் கிடைக்காததற்குக் காரணம் இந்தத் தண்ணீர்தான். வந்தவர்கள் கரையில் நின்று பரிசலைப் பார்ப்பார்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விடுவார்கள். மொரப்பூரில் ரயில் பாதைக்குப் பின்னால் குடியிருந்த ஒரு குடும்பத்தைத் தரகர் கொண்டுவந்தபோது, வீடு பார்க்கும் நாளைச் சித்திரையில் வைக்கும்படி அப்பா சொன்னார். தரகருக்கும் விஷயம் புரிந்தது. பெண் வீட்டார் பென்னாகரத்தில் விசாரித்தார்கள் என்பதும் உண்மை. பையன் குடிப்பானா, நிலம் உண்டா என்று கேட்டார்கள். வீடு ஆவணியில் எங்கே இருக்கும் என்று யார் கேட்பார்கள்? அதனால் யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

பொய் சொல்லாமலிருக்கப் பட்ட பாடுதான் பெரிது. பரிசலை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கவிழ்த்துப் போட்டு, மேலே கடலைக்கொடியைக் குவித்தார்கள். வலைகள் பரண் ஏறின. பங்காளி வீடுகளுக்கு அப்பா நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கடைசியாக என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பாப்பா, அவங்க இருக்கற வரைக்கும் தண்ணியப் பத்திப் பேசக் கூடாது. பரிசலு, மீனு, ஒண்ணுஞ் சொல்லக் கூடாது. புரியுதா?"

எனக்கு நன்றாகவே புரிந்தது. பெண்ணின் அப்பா வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாப்பா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா சாமி" என்றபோது நான் அசையாமல் நின்றேன். பிறகு உள்ளே ஓடி அம்மாவிடம், "அம்மா, அவரு அதக் கேக்கறாரு" என்றேன். அம்மா அன்று முழுவதும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இன்னொரு விபத்தும் நடந்தது. பெண்ணின் பெரியப்பா நிழல் தேடிப் போய்க் கடலைக்கொடிக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தார். சித்திரை வெயிலில் பரிசலின் தார் இளகியிருந்தது. எழுந்தபோது வெள்ளை வேட்டியின் பின்புறம் கறுப்பாக ஒரு பெரிய வட்டம்.

"என்னங்க இது, தாரு?"

"எலிக்குங்க" என்றார் அப்பா. "கொடிக்கு அடியில தாரு பூசி வெச்சா எலி அண்டாதுங்க."

"அட, இது நல்லாருக்குதே. எங்கூர்லயும் சொல்றேன்."

மொரப்பூர்ப் பக்கம் யாராவது அதைச் செய்து பார்த்தார்களா என்று தெரியவில்லை.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. சித்தப்பாவுக்குச் சீர்வரிசையாகப் புது மோட்டார் பைக் வந்தது. காய்ந்த சேற்றுத் தரையில் சித்தியைப் பின்னால் உட்காரவைத்து அவர் வட்டம் வட்டமாக ஓட்டினார். நானும் முன்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். சித்திக்கு எங்கள் வீட்டில் பழகாதது ஒன்றே ஒன்று, ஓசையின்மை. ரயில் போவதை வைத்தே நேரம் சொல்லி வளர்ந்தவர். "இங்க மணி எப்படித்தான் தெரியும் உங்களுக்கு?" என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா சூரியனைக் காட்டுவார். சித்தி நம்பாமல் கைபேசியைப் பார்ப்பார். அதில் மணி தெரியும், சிக்னல் தெரியாது. பேச வேண்டுமானால் தென்முனைப் பாறை மேல் ஏற வேண்டும்.

ஆடி பிறக்கும் முன் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். அவருடைய அப்பா அதே வேனில் வந்தார், அதே வாசலில் நிறுத்தினார், மகளை ஏற்றிக்கொண்டு போனார். வேன் கிளப்பிய புழுதி அடங்கும்வரை சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். பிறகு அப்பாவும் அவரும் கடலைக்கொடியை விலக்கிப் பரிசலை வெளியே எடுத்து, புதுத் தார் பூசினார்கள். ஆடியில் மேலே அணைகள் நிரம்பித் தண்ணீர் வந்தது. சேற்று வெடிப்புகள் நிரம்பி, பள்ளங்கள் நிரம்பி, ஒரு காலை நாங்கள் மறுபடி தனியானோம். சித்தப்பாவின் பைக்கை அதற்குள் கரைக்குக் கொண்டுபோய், டீக்கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

அந்த ஆடி முழுக்க வீட்டில் ஒரே பேச்சுதான். "ஒரு தடவ ஏறி இக்கரைக்கு வந்துட்டா போதும். அப்புறம் பழகிரும்" என்பார் அப்பா. சித்தப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதை நானே கவனித்தேன். அம்மா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை.

ஆவணியில் வேன் வந்தது. நாங்கள் நால்வரும் பரிசலில் கரைக்குப் போய்க் காத்திருந்தோம். அம்மா கையில் ஆரத்தித் தட்டு. வேன் வழக்கமான இடத்தில் இறங்கப் பார்த்து, சட்டென்று நின்றது. எதிரே சாலை தண்ணீருக்குள் போய் முடிந்தது. சித்தியின் அப்பா இறங்கினார். தண்ணீரைப் பார்த்தார், தூரத்தில் மேட்டையும் வீட்டையும் பார்த்தார், பரிசலைப் பார்த்தார். அதன் அடியில் பூசியிருந்த தாரை அவர் சற்றுக் கூடுதலாகவே பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"ஏங்க சம்மந்தி, நான் மாப்பிள்ளைக்கு வண்டி வாங்கிக் குடுத்தனே. இது மேலயா ஓட்டுவாரு?"

அப்பா, "உக்காருங்க, டீ சாப்புடலாம்" என்றார்.

"டீயா? புள்ளையத் தண்ணிக்கு நடுவுல தள்ளிட்டு டீ குடிக்கவா? அம்மிணி, வேன்ல ஏறு. ஊருக்குப் போலாம்."

சித்தி ஏறவில்லை. அழவும் இல்லை. தன் துணிமணிகளையெல்லாம் பிளாஸ்டிக் சாக்குகளில் போட்டு, நனையாதபடி வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். "எனக்குத் தெரியும்ப்பா" என்றார்.

"தெரியுமா? யாரு சொன்னா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தால் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

சித்தி சித்தப்பாவிடம் திரும்பினார். "நீங்க ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"சொல்லிப் பாத்திருக்கலாமில்ல."

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி வெளியே வந்துவிட்டார்கள்.

"துடுப்பு யாருகிட்ட இருக்கும்?" என்று கேட்டார் சித்தி.

"எங்கிட்ட. இல்லன்னா அண்ணங்கிட்ட."

"அக்காவுக்கு ஓட்டத் தெரியுமா?"

அம்மா இல்லை என்று தலையசைத்தார்.

"இத்தன வருசமாவா?"

"பொம்பளைங்களுக்கு அது எதுக்கும்மா?" என்றார் அப்பா. "கூப்புட்டா நாங்க வர்றமில்ல."

"கூப்புடாமப் போகணும்னா?" சித்தி சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் ஓட்டக் கத்துக்கணும். எனக்குப் போகணும்னு தோணுனா நானே போவேன், நானே வருவேன். எங்க போறேன்னு யாரும் கேக்கக் கூடாது. அதுக்குச் சரின்னா ஏறுறேன். இல்லன்னா இதே வேன்ல போயிர்றேன்."

சித்தப்பா அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அப்பா டீக்கடைப் பக்கம் பார்த்தார். அந்த நேரத்தில் அம்மா ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, சித்தப்பாவின் பிடியிலிருந்து துடுப்பை இழுத்து, சித்தியிடம் நீட்டினார். சித்தப்பா, "சரி" என்றார். அதன் பிறகுதான் அவருக்கு மூச்சே வந்த மாதிரி இருந்தது.

ஆரத்தி எடுக்க எல்லோருக்கும் மறந்துபோனது. தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் நான் பரிசலில் உட்கார்ந்தேன்.

சித்தி துடுப்பைப் போட்டதும் பரிசல் சுற்ற ஆரம்பித்தது. பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. தெரியாதவர் ஒரே பக்கம் வலித்தால் அது ராட்டினம்தான். கரை, மேடு, வேன், மறுபடி கரை என்று என் முன்னால் எல்லாம் சுற்றிவந்தன. குங்குமத் தண்ணீர் என் பாவாடையில் கொட்டியது. நான் சிரித்தேன், சித்தியும் சிரித்தார். கரையிலிருந்து அவருடைய அப்பா இரண்டு கைகளையும் வீசிக் கத்திக்கொண்டிருந்தார்: "வலது பக்கம் போடும்மா! வலது பக்கம்! ஏய், அந்தப் பக்கம் இல்ல!" பிறந்தது முதல் பரிசலைத் தொட்டிராதவர் அவர். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாங்கள் வழக்கமான துறையைத் தாண்டி எங்கோ கீழே ஒரு முள்காட்டுப் பக்கம் கரையேறினோம். அங்கிருந்து சாக்குகளைத் தலையில் சுமந்து நடந்தோம்.

யார் சொன்னது என்பதைப் பல வருடங்கள் கழித்துச் சித்தியே சொன்னார். ஆடிக்குப் போவதற்கு முதல் நாள், புடவைகளை மடிக்கும்போது அம்மாதான் சொல்லியிருக்கிறார். அம்மாவின் ஊர் நல்லம்பள்ளி. அவருடைய வீட்டாரும் சித்திரையில்தான் வீடு பார்க்க வந்தார்களாம். அவர்களையும் வாசல் வரை வண்டியில்தான் கூட்டிவந்தார்களாம். "நான் அழுதுட்டே ஏறுனேன். நீ அங்க போயி நல்லா யோசி. புடிக்கலன்னா வராத. வந்தா சாக்குல கட்டி எடுத்துட்டு வா, நனைஞ்சிரும்." இதுதான் அம்மா சொன்னதாகச் சித்தி நினைவு வைத்திருப்பது. அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு ஞாபகம் இல்ல. உனக்கு வேற வேல இல்லயா?" என்றார்.

கார்த்திகைக்குள் சித்தி நேராக ஓட்டப் பழகிவிட்டார். என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கரைசேர்ப்பது அவர் வேலையானது. கேஸ் சிலிண்டரை ஒரு முறை தனியாகவே ஏற்றிக்கொண்டு வந்தார். கரையில் இறங்கி, தார்ப்பாயை விலக்கி, பைக்கைத் துடைத்துவிட்டுத் திரும்பியதும் உண்டு. ரயில் இல்லாத குறைக்குக் கரையில் வந்து திரும்பும் மினி பஸ்ஸின் ஹாரனை வைத்து மணி சொல்லத் தொடங்கினார். அவர் ஓட்டும்போது அம்மாவும் ஏறிக்கொள்வார். முதலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு துடுப்பை வாங்கிப் பார்த்தார். "தண்ணி வத்தற வரைக்குந்தான் இந்தக் கூத்தெல்லாம்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் பரிசல் துறையில் இல்லாத நேரங்களில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் அம்மா தனியாகப் பரிசலை எடுத்தார். தேதி எனக்குக் கிடைக்கவில்லை. மார்கழி என்று மட்டும் சொல்ல முடியும், தண்ணீர் மேல் பனி இருந்தது. நானும் வருகிறேன் என்றேன். "நீ இரு" என்றார். அவர் மெதுவாகத்தான் வலித்தார், ஆனால் ஒரு முறைகூடச் சுற்றவில்லை. கரையில் பரிசலைக் கட்டிவிட்டு, மேலே ஏறி, சாலையோரம் போய் நின்றார். கையில் பை இல்லை. கடைக்குப் போகவில்லை. மினி பஸ் வந்தது, திரும்பியது, அவருக்கு முன்னால் நின்று அவரை மறைத்தது. வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றதாக எனக்கு நினைவு. பிறகு விசில் கேட்டது. பஸ் போன இடத்தில் அம்மா அப்படியே நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கிவந்து பரிசலை அவிழ்த்தார்.

துறையில் நான் ஓடிப்போய், "என்னம்மா வாங்குன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்குப் போன?"

"சும்மா."

வாங்க நினைத்ததை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த முறை வாங்க வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போகும்படி யோசனையும் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார்.

பஸ் நின்றிருந்த அந்த நேரத்தில் மறுபக்கம் என்ன நடந்தது, அம்மா படியில் கால் வைத்தாரா, நடத்துனரிடம் ஏதாவது சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. பார்த்தவர் என்று யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். இன்று மாலைகூட அம்மாவோடு உட்கார்ந்து மொச்சை உரித்தேன். கேட்கவில்லை. ஆகவே இதைச் சரிபார்க்கப்படாதது என்றே குறித்து வைக்கிறேன்.