நடக்காத புதுமைக்கு ஓர் அசனம்

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயிலில் அற்புதத்தைப் புதுமை என்றுதான் சொல்வோம். கோடி அற்புதர் என்கிற புனிதரின் சிலை நிற்கும் கெபிக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் முடிந்ததும் யாராவது எழுந்து மைக்கில் சாட்சி சொல்வார்கள். கட்டி கரைந்தது, தொலைந்த சங்கிலி கிடைத்தது, ராஜபாளையம் மில்லில் வேலை கிடைத்தது. சொன்னவர்கள் அசனம் போடுவார்கள். ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அந்தப் புனிதர் காட்டிய நற்கருணை அப்பத்துக்கு முன்னால் கழுதை மண்டியிட்ட கதையை நான் இன்றைக்கும் நம்புகிறேன். கதைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவற்றைத் தூக்கிக்கொண்டு சாவு வீட்டுக்கு வருகிறார்களே, அவர்கள் மேல்தான்.

கோயில் பக்கத்திலேயே இருக்கும் என் அக்காவின் கணவருக்கு ஈரல் கெட்டுப்போனது. குடித்தே அறியாத மனுஷன். அக்கா ஒரு செவ்வாய் விடாமல் போய் மன்றாடினாள். பிழைத்தால் அசனம் போடுவதாக நேர்ந்துகொண்டாள். அவர் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்து உட்காரவில்லை, அதற்குள் பாட்டுக்குழுக்காரி ஒருத்தி ஆரம்பித்தாள். "விசுவாசத்தோட கேட்டிருந்தா கிடைச்சிருக்கும்லா. எங்க வீட்டுக்குக் கிடைச்சுதே."

அன்றிலிருந்து அக்கா கோயிலுக்குப் போகவில்லை. பூசை மணி அடித்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். இவள் இனி வரவே மாட்டாள் என்று நான் பயந்தேன்.

திருவிழா நெருங்கும்போது, "ஏட்டி, கூட வா" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியாரிடம் போனாள். அசனம் போடணும் என்றாள்.

அவர் விழித்தார். "புதுமை நடந்தாத்தானம்மா அசனம்? உங்க வீட்ல எதுக்கு?"

"கேட்டேன், கிடைக்கல. உனக்கு விசுவாசம் பத்தலைன்னு கெபியில நிக்கவரு எங்கிட்டச் சொல்லல. நீங்கதான் சொல்லுதிய. அவரை விட்டுட்டு நான் எங்க போவ?"

"சாட்சி சொல்லணுமே. என்ன சொல்லுவிய?"

"அவிய செத்துப்போனாவன்னு சொல்லுவேன்."

அதையேதான் மைக்கில் சொன்னாள். பொறவு பின்வரிசையில் ஒருத்தி தேம்பினாள், தூணோரம் இன்னொருத்தி. கேட்டும் கிடைக்காதவர்கள் எம்புட்டுப் பேர் இருந்திருக்கிறார்கள்! ஒருத்தருக்காவது இந்த மைக்கைக் கொடுத்திருப்பார்களா?

பந்தியில் அந்தப் பாட்டுக்குழுக்காரியும் வெட்கமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். சாம்பார் வாளியோடு அவள் இலையைத் தாண்டிப் போனேன்.

"ஏட்டி, அவியளுக்கு ஊத்து" என்றாள் அக்கா.

ஊற்றினேன். அந்தப் பாட்டுக்குழுக்காரி முகத்தைப் பார்த்து ஊற்றவில்லை.